குழந்தையைத் திட்டாதீர்கள், தண்ணீர் கொடுங்கள்



ஜூன் 19-ஆம் தேதி உலக அரிவாள் செல் நோய் நாள். அதையொட்டி இந்த மாத ஆசிரியர் பக்கத்தை அந்த நோயோடு பிறந்த குழந்தைகளுக்காக ஒதுக்கியிருக்கிறோம். குறிப்பாக, அவர்களுடைய சிறுநீரகத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இருந்து இதைப் படிக்கும் பலருக்கு, ‘அது மலைப்பக்கம் வருகிற நோய்தானே, நமக்கு எதற்கு?’ என்று தோன்றலாம். அந்தக் குழந்தைகள் இப்போது நம் தெருவில் இருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறோம்.

முதலில் நம் வீடுகளில் உள்ள ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஏழெட்டு வயதுப் பிள்ளை ராத்திரியில் பாயை நனைத்தால் என்ன செய்கிறோம்? “சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தண்ணி குடிக்காதே” என்கிறோம். கேட்காவிட்டால் அதட்டுகிறோம். அத்தை, மாமா வந்திருக்கும்போது எல்லார் முன்னாலும் சொல்லிக் காட்டுகிறோம். ஐந்து வயதில் நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகள் வரை படுக்கையை நனைக்கிறார்கள்; பெரும்பாலோருக்கு வளர வளரத் தானாகவே நின்றுவிடும். ஆனால் அரிவாள் செல் சோகை உள்ள பிள்ளைக்கு இந்த வைத்தியம் ஆபத்தானது. அந்தப் பிள்ளை பாயை நனைப்பதற்குச் சோம்பலோ பயமோ காரணமாக இருக்க வேண்டியதில்லை. சிறுநீரகத்தில் ஏற்பட்ட முதல் பாதிப்பு அப்படி வெளியே தெரியலாம். தண்ணீரையும் நிறுத்திவிட்டால் உடம்பு வறண்டு, ரத்தம் கெட்டியாகி, கை காலெல்லாம் உயிர் போகும் வலி வந்துவிடும்.

இந்தப் பக்கத்தில் உங்களுக்குச் சொல்ல வந்ததே இதுதான்: இந்தக் குழந்தைகளின் சிறுநீரகம் கெட்டுப்போகத் தொடங்கும்போதே சிறுநீரில் அடையாளம் காட்டிவிடுகிறது. ரத்தப் பரிசோதனையில் தெரியும் வரை காத்திருந்தால் பல வருஷங்கள் கைநழுவிப் போய்விடும்.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். நம் ரத்தத்தின் சிவப்பணுக்கள் வட்டமாக, வளைந்து நெளிந்து எந்தச் சிறு குழாயிலும் நுழைந்து போகக்கூடியவை. அவற்றுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் ஒரே ஓர் இடத்தில், குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலைன் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அந்தச் சிறு மாற்றத்தால், ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணு விறைத்து அரிவாள் வடிவத்துக்கு மாறிவிடுகிறது. விறைத்த அணுக்கள் சிறு ரத்தக் குழாய்களை அடைக்கின்றன. சீக்கிரம் உடைந்தும் போகின்றன. அடைப்பதால் வலி, உடைவதால் சோகையும் மஞ்சள் கண்ணும். 1910-இல் சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக் என்ற மருத்துவர், கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்த ஒரு மாணவரின் ரத்தத்தில் கண்ட இந்த விசித்திர அணுக்களைப் பற்றி முதன்முதலாக எழுதினார். 1949-இல் லைனஸ் பாலிங், இது ஒரு மூலக்கூறின் கோளாறு என்று காட்டினார்.

இந்தியாவில் இந்த நோயின் கதை தமிழ்நாட்டிலிருந்தும் தொடங்குகிறது. 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் நீலகிரி மக்களின் ரத்தத்தில் இந்த அரிவாள் அணுவைக் கண்டுபிடித்து எழுதினார்கள். அதே ஆண்டில் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்த வெளிமாநிலத் தொழிலாளர்களிடமும் அது கண்டறியப்பட்டது. மலேரியா மிகுந்த காடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களிடம் இந்த மரபணு தங்கிவிட்டது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இதை வாங்கிய பிள்ளைக்கு மலேரியாவைத் தாங்கும் சக்தி கூடுதலாக இருக்கும், நோய் வராது. இப்படி ஒற்றையாகச் சுமக்கும் இருவர் கல்யாணம் செய்துகொண்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் நோய் வரும். கூடலூரிலும் வயநாட்டிலும் பணியர், குறும்பர் போன்ற பழங்குடிகளிடம் மட்டுமல்ல, வயநாடன் செட்டி சமூகத்திலும் இந்த நோய் உண்டு. ‘பழங்குடி நோய்’ என்று முத்திரை குத்திவிட்டு ஒதுங்கிவிட முடியாது.

இப்போது நம் வட்டாரத்துக்கு வருவோம். 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்தபோதே நம் பகுதி இந்தியாவின் பல மூலைகளிலிருந்தும் ஆட்களை வரவழைக்கத் தொடங்கிவிட்டது. இன்று தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகளிலும், திருமழிசை, பூந்தமல்லி பக்கத்துக் கிடங்குகளிலும், கட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வோர் அடுக்குமாடியிலும் ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் மாநிலத்தவர் வேலை செய்கிறார்கள். கொஞ்சம் தள்ளி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், திருவள்ளூர் பக்கத்துச் செங்கல் சூளைகளில் மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். மழைக்காலம் முடிந்ததும் முன்பணம் வாங்கிக்கொண்டு வந்து, கோடை முழுக்கக் கல் அறுத்து, ஜூன் வாக்கில் ஊர் திரும்புகிறவர்கள் அவர்கள். நம் வீட்டுச் சுவரில் இருக்கும் சேம்பர் கல்லில் அவர்கள் கை பட்டிருக்கிறது. அவர்கள் விட்டு வந்த மேற்கு ஒடிசாவும் சத்தீஸ்கரும் இந்தியாவில் அரிவாள் செல் நோய் மிக அதிகமாகக் காணப்படும் பகுதிகளில் அடங்கும். ஒடிசாவின் புர்லா மருத்துவக் கல்லூரியில் இந்த நோய்க்கென்று தனி மையமே இயங்குகிறது.

ஊரில் இருந்தவரை அங்குள்ள மருத்துவர் கண்ணைப் பார்த்ததுமே சந்தேகப்பட்டிருப்பார். இங்கே வந்த பிறகு அந்தப் பிள்ளையின் சோகை வெறும் சத்துக்குறைவாகத் தெரிகிறது. இரும்புச்சத்து டானிக் எழுதித் தருகிறார்கள். கண் மஞ்சளித்தால் மஞ்சள்காமாலை என்று கீழாநெல்லி தேடுகிறோம். கை கால் வீங்கினால் ‘விழுந்திருப்பான்’ என்கிறோம். மொழி தெரியாத தாய், மேஸ்திரியை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு எவ்வளவு சொல்ல முடியும்? கண்டுபிடிக்காமலே ஒரு பருவம் முடிந்து, குடும்பம் ஊருக்குப் போய்விடுகிறது. அடுத்த ஆண்டு வேறு சூளை, வேறு மருத்துவர்.

சிறுநீரகத்துக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம். சிறுநீரகத்தின் உட்பகுதி, உடம்பிலேயே ஆக்சிஜன் மிகக் குறைவாக, உப்பும் அமிலத்தன்மையும் மிக அதிகமாக இருக்கும் இடங்களில் ஒன்று. சிவப்பணு அரிவாளாக மாறுவதற்கு வேண்டிய எல்லாச் சூழ்நிலையும் அங்கே எப்போதும் இருக்கிறது. குறுகலான சந்துக்குள் லாரி மாட்டிக்கொண்டது போல, விறைத்த அணுக்கள் அங்குள்ள நுண்ணிய குழாய்களில் சிக்கிக்கொள்கின்றன. உடம்புக்கு வேண்டிய தண்ணீரைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, கழிவை மட்டும் சுண்டிய சிறுநீராக வெளியே தள்ளும் வேலை அந்தப் பகுதியில்தான் நடக்கிறது. ஆகவே முதலில் போவது அந்தச் சுண்டவைக்கும் சக்தி. நல்ல சிறுநீரகம் சிறுநீரை 1,200 மில்லிஆஸ்மால் அளவுக்குச் செறிவாக்கும். அரிவாள் செல் சோகை உள்ளவர்களுக்கு அது 400, 450-க்கு மேல் ஏறாது. இந்தக் குறை கைக்குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது. சிறு வயதில் ரத்தம் ஏற்றினால் அந்தச் சக்தி கொஞ்சம் திரும்புகிறது. பத்துப் பதினைந்து வயதைத் தாண்டினால் திரும்புவதில்லை. காலம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுவே போதும்.

இதனால் வீட்டில் காணக்கூடிய அடையாளங்கள் சில உண்டு. பிள்ளை அடிக்கடி தண்ணீர் கேட்கும். பகலில் பலமுறை சிறுநீர் கழிக்கும். ராத்திரி எழுந்து போகும், அல்லது எழாமலே பாய் நனையும். சிறுநீர் பெரும்பாலும் வெளுத்த நிறத்திலேயே இருக்கும்.

இதில் தாய்மார்களும் மருத்துவர்களும் ஏமாந்துபோகும் ஓர் இடம் இருக்கிறது; அதைக் கவனமாகப் படியுங்கள். வாந்தி, பேதி, காய்ச்சல் வந்த குழந்தையைப் பார்த்து, “ஒண்ணுக்கு நல்லாப் போகுதா?” என்று கேட்பது நம் வழக்கம். சாதாரணக் குழந்தைக்கு உடம்பில் தண்ணீர் குறைந்தால் சிறுநீர் குறையும், மஞ்சளாகும். அதை வைத்தே நிலைமையைப் புரிந்துகொள்கிறோம். அரிவாள் செல் குழந்தைக்கு உடம்பு வறண்டுகொண்டிருக்கும்போதும் சிறுநீர் தாராளமாக, வெளுப்பாகப் போய்க்கொண்டே இருக்கும். ‘நன்றாகத்தானே போகிறது’ என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது. உதடு வறண்டிருக்கிறதா, கண் குழிந்திருக்கிறதா, அழுதால் கண்ணீர் வருகிறதா, பிள்ளை துவண்டு கிடக்கிறதா என்பதைப் பாருங்கள். இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சூளையின் அனலும் கத்திரி வெயிலும் சேரும் மே மாதத்தில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது அடையாளம் கண்ணுக்குத் தெரியாதது. சோகையால் ரத்தம் வேகமாக ஓட, சிறுநீரகத்தின் வடிகட்டிகள் சிறு வயதில் அளவுக்கு மீறி வேலை செய்கின்றன. கேட்பதற்கு நல்ல செய்தி போலத் தோன்றும்; உண்மையில் அது வடிகட்டியைத் தேய்க்கும் வேலை. தேய்ந்த வடிகட்டி வழியாக, வெளியே போகக் கூடாத அல்புமின் என்ற புரதம் துளித்துளியாகக் கசியத் தொடங்குகிறது. பள்ளி வயதின் பிற்பகுதியிலும் பதின்வயதிலும் இது தலைகாட்டுகிறது. வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பிள்ளை ஓடி விளையாடிக்கொண்டிருக்கும். பல வருஷம் கழித்து வடிகட்டும் சக்தி சரியத் தொடங்கும்போதுதான் கால் வீக்கமும் ரத்த அழுத்தமும் வரும். அதற்குள் வயது இருபதோ முப்பதோ ஆகியிருக்கும். டயாலிசிஸ் என்ற பேச்சும் வந்திருக்கும்.

மூன்றாவது, சிறுநீரில் ரத்தம். வலியே இல்லாமல் சிறுநீர் சிவப்பாகவோ கோலா நிறத்திலோ போகலாம். சிறுநீரகத்தின் உள்முனைகள் ரத்த ஓட்டமின்றிச் சிதைவதால் இது வரும். சிவப்பணு உடைவதால் சிறுநீர் அடர்மஞ்சளாகத் தெரிவது வேறு, இது வேறு. எதுவென்று நாமே முடிவு செய்யாமல் அன்றைக்கே காட்டிவிட வேண்டும். மரபணுவை ஒற்றையாகச் சுமக்கும் தாய் தந்தையருக்கும் எப்போதாவது இப்படி ரத்தம் போகலாம்; அவர்கள் நோயாளிகள் அல்ல, ஆனாலும் காட்ட வேண்டும்.

இனி பரிசோதனை. “யூரியா, கிரியேட்டினின் நார்மல், கிட்னி நல்லா இருக்கு” என்று லேப் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். இந்தக் குழந்தைகள் விஷயத்தில் கிரியேட்டினின் நம்மை ஏமாற்றிவிடும். அது தசையிலிருந்து வருவது. மெலிந்த பிள்ளையின் உடம்பில் குறைவாகவே உண்டாகும். வடிகட்டி அதிவேகத்தில் ஓடுவதாலும், சிறுநீரகக் குழாய்கள் கூடுதலாக வெளியே தள்ளுவதாலும் ரத்தத்தில் அது இன்னும் குறைவாகவே தெரியும். போதாக்குறைக்கு, பல லேப் ரிப்போர்ட்டுகளில் பெரியவர்களுக்கான அளவே அச்சாகியிருக்கும். 0.8 என்று வந்தால் எல்லைக்குள் இருப்பதாகத் தெரியும். எட்டு வயது மெலிந்த பிள்ளைக்கு 0.8 என்பது யோசிக்க வேண்டிய எண். போன ஆண்டு 0.3 இருந்து இந்த ஆண்டு 0.6 ஆனால், இரண்டும் ‘நார்மல்’ என்று அச்சில் இருந்தாலும், ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். அதனால்தான் பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

ரத்த அழுத்தத்துக்கும் இதே கதைதான். அரிவாள் செல் சோகை உள்ளவர்களுக்கு அது பொதுவாக மற்றவர்களைவிடக் குறைவாக இருக்கும். சாதாரண அளவு என்று மற்றவர்களுக்குச் சொல்லும் எண் இவர்களுக்கு ஏற்றமாக இருக்கலாம். ஒவ்வொரு முறையும் அளந்து குறித்துவைப்பதே வழி.

கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனை, சிறுநீரில் அல்புமினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம். லேப்பில் ஏ.சி.ஆர் என்பார்கள். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே அல்புமின் இருந்தால் நிம்மதி. 30-லிருந்து 300 வரை வந்தால் கசிவு தொடங்கியிருக்கிறது. 300-ஐத் தாண்டினால் தாமதமே கூடாது. பச்சை, மஞ்சள் கட்டங்கள் ஒட்டிய பட்டையைச் சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் எளிய சோதனையும் இருக்கிறது. ஆனால் இந்தக் குழந்தைகளின் சிறுநீர் தண்ணீராக நீர்த்துப்போயிருப்பதால், ஆரம்பக் கசிவு அந்தப் பட்டையில் பிடிபடாமல் போகலாம். அந்தச் சாதாரணச் சோதனையிலும் ஒரு வரியைத் தேடிப் பாருங்கள்: ‘ஸ்பெசிஃபிக் கிராவிட்டி’. காலையில் எழுந்ததும் எடுத்த சிறுநீரிலும் அது 1.010 பக்கத்திலேயே நிற்குமானால், சுண்டவைக்கும் சக்தி போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த வரியை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.

அமெரிக்க தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 10 வயதிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரில் புரதம் பார்க்கச் சொல்கிறது. மாதிரி எடுப்பது சுலபம், ஆனால் லைன் வீட்டில் அவ்வளவு சுலபமில்லை. பத்துக் குடித்தனத்துக்கு இரண்டு கழிப்பறை, விடிவதற்குள் வரிசை நிற்கும் இடத்தில் பிள்ளையின் முதல் சிறுநீரைப் பிடிக்க வேண்டும். மூடியுள்ள சின்ன டப்பா மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். முந்தின ராத்திரியே அதைத் தலைமாட்டில் வைத்துவிடுங்கள். எழுந்ததும் முதலில் போவதில் கொஞ்சம் கீழே விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடித்து, மூடி, இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். காய்ச்சலோ வலியோ இருக்கும் நாளில் எடுத்தால் தப்பான கணக்கு வரும். முதல் முறை கூடுதலாக வந்தால் பயந்துவிட வேண்டாம். நல்ல நாளில் மறுபடி எடுத்து உறுதி செய்துகொள்வார்கள்.

கசிவு தொடங்கிவிட்டால் என்ன செய்வது? செய்வதற்கு இருக்கிறது, அதனால்தானே இவ்வளவு எழுதுகிறோம். எனாலப்ரில் போன்ற, ரத்த அழுத்தத்துக்காகப் பல காலமாக விற்கும் விலை குறைந்த மாத்திரைகள் வடிகட்டியின் மேல் உள்ள அழுத்தத்தைக் குறைத்துக் கசிவை மட்டுப்படுத்துகின்றன. ஹைட்ராக்ஸியூரியா என்ற மாத்திரை, கருப்பருவ ஹீமோகுளோபினைக் கூட்டி, அணுக்கள் அரிவாளாவதைக் குறைக்கிறது. வலி வருவதும் குறைகிறது. 9 முதல் 18 மாதக் குழந்தைகள் 193 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2011-இல் வெளியானது. வடிகட்டியின் அதிவேகத்தை அந்த மருந்து குறைத்ததாக அதில் தெளிவாகத் தெரியவில்லை; சிறுநீரைச் செறிவாக்கும் சக்தி மட்டும் மருந்து எடுத்த குழந்தைகளிடம் மேலாக இருந்தது. இரண்டு மருந்துகளையும் மருத்துவர் சொல்லி, ரத்தப் பரிசோதனையோடுதான் எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்ததை நம் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது.

வீட்டில் தவிர்க்க வேண்டியது ஒன்று உண்டு. வலி வந்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் புரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியவை. மாதத்துக்கு நாலு முறை வலி வரும் பிள்ளைக்கு அதை நாமாகக் கொடுத்துக்கொண்டே போனால், நோய் செய்ததோடு மருந்து செய்ததும் சேர்ந்துவிடும். அந்தப் பிள்ளைக்கு வலிக்கு எதை, எவ்வளவு கொடுக்கலாம் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போடும் இடத்திலும், “இவனுக்கு சிக்கிள் செல் இருக்கு, கிட்னியைப் பார்த்துக் கொடுங்க” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அரசு ஏற்பாடுகளும் தொடங்கியிருக்கின்றன. 2023 ஜூலை 1-ஆம் தேதி மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் பிரதமர் தொடங்கிவைத்த தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கம், 2047-க்குள் இந்த நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் செய்வதாகச் சொல்கிறது. தமிழ்நாடு உட்பட 17 மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரை உள்ள 7 கோடிப் பேருக்குப் பரிசோதனை செய்வது அதன் இலக்கு. பரிசோதித்தவர்களுக்கு அட்டை தருகிறார்கள். ஒடிசாவிலோ சத்தீஸ்கரிலோ அந்த அட்டையை வாங்கி, ஊர் வீட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு இங்கே வந்தவர்கள் இருக்கக்கூடும். இயக்கம் பழங்குடி மாவட்டங்களைத் தேடிப் போகிறது. அந்த மாவட்டத்து மக்களோ திருவள்ளூர் மாவட்டத்தில் கல் அறுக்கிறார்கள். இந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர்கள் நாம்.

நிரப்ப முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. கூடலூரில் அஸ்வினி அமைப்பு நடத்தும் ஆதிவாசி மருத்துவமனையில், பழங்குடிப் பெண்களே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்சி பெற்று வேலை பார்க்கிறார்கள். அரிவாள் செல் நோயாளிகளைப் பெயர் பெயராகப் பதிவு செய்து, வீடு தேடிப் போய்க் கவனிக்கிறார்கள். பெரிய கட்டடமோ விலையுயர்ந்த இயந்திரமோ அந்த வேலைக்கு முதல் தேவையாக இருக்கவில்லை. யாருக்கு நோய் இருக்கிறது என்று தெரிந்திருப்பதும், அவர்களைக் கைவிடாமல் பின்தொடர்வதும்தான் தேவைப்பட்டன.

நம் வட்டாரத்தில் அதற்கு வேண்டிய இடங்கள் எல்லாம் இருக்கின்றன. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் அரசு மருத்துவமனைகள், திருவள்ளூரில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ரயில் ஏறினால் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. பூந்தமல்லியில் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தரும் பொது சுகாதார நிறுவனமே இருக்கிறது. சோகையோடு வரும் வெளிமாநிலக் குழந்தைக்கு அரிவாள் செல் சோதனை எழுத வேண்டும் என்பதை அந்தப் பயிற்சியில் ஒரு பாடமாகச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வரும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள், மாநிலம் விரும்பினால் அரிவாள் செல் சோகையையும் பார்க்கலாம் என்று அந்தத் திட்டத்திலேயே இடம் இருக்கிறது. தொழிற்பேட்டையில் இ.எஸ்.ஐ பிடித்தம் உள்ளவர்களின் குடும்பத்துக்கும் சிகிச்சை உரிமை உண்டு. அட்டையைப் பிள்ளைக்காகவும் பயன்படுத்தலாம் என்று பக்கத்து மெஷினில் நிற்கும் வெளிமாநிலத் தம்பிக்குச் சொல்லுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அரிவாள் செல் நோயும் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடம் நடக்கும்போது மூன்றாவது முறையாகக் கையைத் தூக்கி, “மிஸ், பாத்ரூம்” என்று கேட்கும் பிள்ளையை முறைக்காதீர்கள். கழிப்பறைக்கு விட மாட்டார்கள் என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. அரிவாள் செல் குழந்தைக்கு அந்தப் பயம் வலியில் போய் முடியும். பள்ளிகளில் தண்ணீர் குடிக்க மணி அடிக்கும் வழக்கத்தைக் கேரளம் 2019-இல் தொடங்கியது. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் அது வந்திருக்கிறது. அந்த மணியோடு, சுத்தமான, பூட்டுப் போடாத கழிப்பறையும் வேண்டும். உங்களுக்குத் தெரிந்த பிள்ளைக்கு வாசலுக்குப் பக்கத்தில் இடம் கொடுங்கள். கேட்காமலே எழுந்து போக அனுமதி கொடுங்கள்.

சூளை, பட்டறை நடத்துகிறவர்களுக்கு: வேலை இடத்தில் குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில் குடிநீர் வையுங்கள். பருவம் தொடங்கும்போதே ஆரம்பச் சுகாதார நிலையத்தாரை அழைத்து ஒரு முகாம் நடத்தினால், அந்த ஒரு நாள் வேலை இழப்பில் ஒரு பிள்ளையின் வாழ்நாள் மிஞ்சும்.

மருத்துவர்களுக்குச் சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை, கேட்டுக்கொள்கிறோம். சோகையோடும் மஞ்சள் கண்ணோடும் வரும் குழந்தையின் பெற்றோரிடம் ‘எந்த மாவட்டம்?’ என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள். பலாங்கீர், பர்கட், காளஹண்டி, மகாசமுந்த் என்று பதில் வந்தால் சோதனை எழுதுங்கள். நோய் உறுதியானால், கிரியேட்டினினோடு நிறுத்தாமல் ஏ.சி.ஆரையும் சேர்த்து எழுதுங்கள். குடும்பம் ஊர் திரும்பும்போது, என்ன நோய், என்ன மருந்து, சிறுநீரில் எவ்வளவு கசிவு என்று ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

வாசகர்களே, உங்களிடம் கேட்பது சில காரியங்கள்தான். உங்கள் தெருவில், உங்கள் லைன் வீட்டில், அடிக்கடி வலியால் அழும், கண் மஞ்சளித்த, பாயை நனைக்கும் ஒரு பிள்ளை இருந்தால், அந்தத் தாயோடு ஒருமுறை அரசு மருத்துவமனைக்குத் துணைக்குப் போய், அவருக்காக நாலு வார்த்தை தமிழில் பேசுங்கள். அந்தப் பிள்ளை ராத்திரியில் தண்ணீர் கேட்டால் கொடுக்கச் சொல்லுங்கள். பாய் நனைந்தால் துவைத்துப் போட்டுக்கொள்ளலாம். வருஷத்துக்கு ஒருமுறை ஒரு டப்பா காலைச் சிறுநீரைப் பரிசோதித்தால் சிறுநீரகத்தின் ஆபத்தை முன்கூட்டியே அறிந்து மருந்து தொடங்கலாம். இந்தச் செய்தி தேவைப்படும் வீட்டுக்கு இந்த இதழைக் கொண்டுபோய்க் கொடுங்கள்; படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்